ரஹ்மத்தும்மா ராத்தா விழுங்கிய தோடம்பழம்

பதுளையில் எங்கள் கல்யாண வீடுகளில் சாப்பாடு சஹனில்தான். பெரிய வட்டத் தட்டில் சோற்றைக் குவித்து, மேலே இறைச்சியும் கோழியும் வைத்து, சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து ஒரே தட்டில் கை போட்டுச் சாப்பிடுவோம். அப்படி ஒரு கல்யாணத்தில், பெண்கள் பக்கத்தில், ஒரு சஹனுக்கு முன்னால் பலீலா மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

பலீலா வீடு வீடாகப் போய் மாவிடித்து, துணி துவைத்துக் கொடுப்பவள். தண்ணீரும் சவர்க்காரமும் பட்டுப் பட்டு இரண்டு கையிலும் கரப்பான். தோல் உரிந்து சிவந்து கிடக்கும். அது ஒட்டுகிற வியாதி இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும், ஒருத்திக்குப் பிள்ளை அழுதது, ஒருத்திக்குக் கால் மரத்தது, இன்னொருத்தியை மதினி கூப்பிட்டாள். சுற்றியிருந்த இடமெல்லாம் வெறுமையாகவே கிடந்தது. பலீலா சோற்றைப் பார்க்காமல் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பக்கமாக வந்த ரஹ்மத்தும்மா ராத்தா, "யா அல்லாஹ், காலையிலிரிந்து நிண்டு நிண்டு இடுப்புப் போச்சி. பலீலா, கொஞ்சம் தள்ளு புள்ள" என்றபடி அவளோடு ஒட்டி உட்கார்ந்தார். பிஸ்மி சொல்லி, பலீலாவின் கை கிடந்த பக்கத்திலேயே தன் கையையும் போட்டார். பிறகு திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஜெனீரா, என்ன புதினம் பாக்கிற? வா. இறைச்சி ஆறுது" என்றார். நான் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் மற்ற இடங்களும் நிரம்பிவிட்டன. அழுத பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டது போலும்.

இதைப் பற்றி அவர் பிறகு ஒருநாளும் பேசவில்லை. ஆனால் அன்றிலிருந்து எந்தக் கல்யாணமானாலும் பலீலாவின் சஹன்தான் ராத்தாவின் சஹன்.

அக்காவை நாங்கள் ராத்தா என்போம். ரஹ்மத்தும்மா ஊருக்கே ராத்தா. அவருடைய கணவர் மொஹிதீன் நானா கடைத்தெருவில் தையல்காரர், அதிகம் பேசாத மனிதர். இருவருக்கும் சேர்த்து ராத்தா பேசிவிடுவார். பேசுவதுதான் அவருடைய வேலையும். கல்யாணம், இறந்தவருக்கு ஓதும் கத்தம் என்று எது நடந்தாலும் வீடு வீடாகப் போய்ப் பெண்களை அழைப்பவர் அவர். அச்சடித்த அழைப்பு வந்து மேசையில் கிடந்தாலும், ராத்தா குடையும் கையுமாக வாசலில் வந்து நின்று சொன்னால்தான் எங்களுக்கு அது அழைப்பு. பஸ்ஸேறி ஹாலி-எலக் கடை வீடுகள்வரை போய்ச் சொல்லிவிட்டு வருவார்.

விருந்தன்று யாரை யாரோடு உட்காரவைப்பது என்பதும் அவர் பொறுப்பு. பேச்சுவார்த்தை இல்லாத மதினிமார் இரண்டு பேரை ஒரே சஹனில் எதிரெதிரே இருத்தி, நடுவில் ஈரலை வைத்துவிட்டு, "ஈரலுக்காகவாவது வாயத் தொறப்பாளுகள்" என்று எங்களிடம் வந்து சொல்வார். பெரும்பாலும் திறந்துதான் இருக்கிறார்கள்.

அவருடைய வாயில் இரண்டு குறை. ஒன்று, வெற்றிலையால் பல்லெல்லாம் போய்ப் பொய்ப்பல் கட்டியிருந்தார். பல் இல்லாமல் கல்யாணம் சொல்லப் போனால் பாதிச் சொல் காற்றாகப் போய்விடுமே. இரண்டாவது, அந்தப் பல் பேசத்தான் உதவியது, சப்ப, மென்று தின்ன, உதவவில்லை. சப்பினால் ஈறு புண்ணாகிவிடும். ஆகவே சஹனில் உட்கார்ந்ததும் முக்காட்டுக்குள்ளேயே பல்லைக் கழற்றி, முந்தானையில் முடிந்துகொள்வார். அத்தனை வேகம். இது பக்கத்தில் இருக்கும் பலீலா ஒருத்திக்குத்தான் தெரியும்.

இதோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன் வயிற்றுப் புண்ணுக்காகக் கொழும்பில் அவருக்கு ஒப்பரேஷன் செய்து, இரைப்பையில் ஒரு பகுதியை எடுத்துவிட்டிருந்தார்கள். அதை அவரே மறந்துபோயிருந்தார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் புவாத் ஹாஜியாரின் மகள் றஷீதாவுக்குக் கல்யாணம் நடந்தது. ஹாஜியாருக்குப் பிபிலையில் தோடம்பழத் தோட்டம், அதாவது ஆரஞ்சு. மூட்டை மூட்டையாகப் பழம் வந்து இறங்கியது. உரித்துச் சுளை சுளையாக்கி ஒவ்வொரு சஹனுக்குப் பக்கத்திலும் ஒரு தட்டு வைத்தார்கள். ஹாஜியாரின் மனைவி உம்மு குல்தூம் ஹாஜியம்மா, "எங்கட தோட்டத்துப் பழம், எங்கட தோட்டத்துப் பழம்" என்று சொல்லிக்கொண்டே வளைய வந்தார்.

வழக்கம்போல ராத்தா பலீலாவோடு உட்கார்ந்தார். பலீலாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. ராத்தா கையை எடுத்தால் அவளும் எடுத்துவிடுவாள். அரை வயிறாக இருந்தாலும் சரி, பிறகு ஒரு பிடி தொடமாட்டாள். ராத்தாவால் அன்று இறைச்சியைச் சப்ப முடியவில்லை. மெத்தென்ற சோறு கொஞ்சம் தின்றதோடு சரி. பலீலா அப்போதுதான் ருசி பார்க்கத் தொடங்கியிருந்தாள். கை சும்மா இருக்கக் கூடாதே என்று ராத்தா பழத்தட்டைப் பக்கத்தில் இழுத்தார். ஒரு சுளை, இன்னொரு சுளை என்று, வாயில் போடுவதும் விழுங்குவதுமாக இருந்தார்.

"ராத்தா, கொட்டையுமா முழுங்கிறீங்க?"

"வயித்துல மொளைக்கட்டும். பிபிலைக்குப் போகாமப் பழம் ஆயலாம். நீ தின்னு."

பலீலா வயிறு நிறையத் தின்று எழுந்தபோது தட்டும் காலியாகியிருந்தது.

மறுநாள் ராத்தாவுக்கு வயிற்றுவலி வந்தது. அலை மாதிரி வரும், முறுக்கும், போகும். வந்தபோதெல்லாம் சுருண்டுவிடுவார். போனதும், "ஹாஜியம்மாட மருமகனப் பாத்தியா, தொப்பிக்கு ரெண்டு சைஸ் பெரிய தலை" என்று பேச்சைத் தொடங்குவார். பிறகு வாந்தி தொடங்கியது. மொஹிதீன் நானா இஞ்சி இடித்துக் கொடுத்தார், மல்லி அவித்துக் கொடுத்தார். ஒன்றும் உள்ளே நிற்கவில்லை. ஒரு மாமி வந்து கண்ணூறு என்று மிளகாய் சுற்றிப் போட்டதில் எங்களுக்கெல்லாம் இருமல் வந்ததுதான் மிச்சம். வயிறு றபான் மேளம் மாதிரி உப்பிவிட்டது. வெளிக்கும் போகவில்லை, காற்றும் பிரியவில்லை.

அதற்குள் ஊரில் வேறு கதை ஓடத் தொடங்கியது. கல்யாணச் சாப்பாட்டில் ஏதோ பிழை என்று யாரோ சொல்ல, மாப்பிள்ளை வீட்டாரின் காதுக்கு எட்டிவிடுமே என்று உம்மு குல்தூம் ஹாஜியம்மாவுக்குப் பதற்றம். பாவம், மகளின் முதல் வாரம். அவர் சொன்னது இவ்வளவுதான்: "எங்கட சோத்த முழு ஊருந்தான் திண்டிச்சி. ஒராளுக்கு மட்டும் வருத்தமெண்டா, அந்த சஹன்ல யார்ட கை பட்டிச்சி எண்டு பாருங்க."

பெயர் சொல்லத் தேவையே இருக்கவில்லை. பின்னேரத்து அஸர் தொழுகைக்கு முன்பே இரண்டு வீடுகளில் பலீலாவை இனி மாவிடிக்க வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வலிக்கு நடுவிலும் இந்தச் செய்தி ராத்தாவின் காதுக்கு வந்துவிட்டது. ஊரில் எது நடந்தாலும் முதலில் அவருக்குத்தானே வரும்.

ஒரு காரைப் பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சத்திரசிகிச்சை டொக்டர் வீரசிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர், நிதானமான மனிதர். வயிற்றைத் தட்டிப் பார்த்தார். குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். பழைய ஒப்பரேஷன் தழும்பை விரலால் தடவிப் பார்த்து, அது என்ன ஒப்பரேஷன் என்று மொஹிதீன் நானாவிடம் கேட்டுக்கொண்டார்.

"என்ன சாப்பிட்டனீங்கள் அம்மா?"

"கஞ்சி."

"கஞ்சி மட்டுமோ?"

"கஞ்சி மட்டுந்தான் டொக்டர்."

நான் வாயைத் திறந்தேன். ராத்தா போர்வைக்குள்ளிருந்து என் கையைக் கிள்ளினார்.

"சப்பிச் சாப்பிடுறனீங்களோ? பல்லெல்லாம் சரியோ?"

ராத்தா இரண்டு வரிசையும் தெரிய ஒரு சிரிப்புச் சிரித்தார். டொக்டர் தலையாட்டிவிட்டார்.

எக்ஸ்ரேயில், குடலுக்குள் காற்றும் தண்ணீரும் படிப்படியாகத் தேங்கி நிற்பது தெரிந்தது. எங்கோ வழி அடைபட்டிருக்கிறது. பழைய ஒப்பரேஷன் தழும்பில் குடல் ஒட்டிக்கொண்டிருக்கலாம், சில நேரம் அது தானாகவே விட்டுவிடும், பொறுத்துப் பார்ப்போம் என்றார் டொக்டர். மூக்கு வழியாக ஒரு குழாயை விட்டுத் தேங்கியதை இழுத்து எடுத்தார்கள். கையில் சேலைன் ஏற்றினார்கள். வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது.

டொக்டர் போனதும், "ஏன் ராத்தா பொய் சென்னீங்க?" என்று கேட்டேன்.

"சஹன் எண்டா யாரோட எண்டு கேப்பாரு. வெளிய நிக்கிறவளுகளுக்கு அது போதும், பலீலாட கையெண்டு முடிச்சிருவாளுகள். பொறகு அவளுக்கு யாரு வேலை குடுப்பா? கஞ்சி எண்டா யாருக்கும் கொறையில்ல." மூக்கில் குழாயோடு இதைச் சொல்லிவிட்டு, "தோபா, தோபா, டொக்டரிட்டப் பொய் சென்னதுக்கு அல்லாஹ் மன்னிக்கட்டும்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். பழத்தை அவர் நினைத்தே பார்க்கவில்லை. பழம் தின்றால் வயிற்றுக்கு நல்லது என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்.

அதன் பிறகு ஆஸ்பத்திரியில் ராத்தாவிடம் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான். டொக்டர் வந்து கேட்டார், "காத்துப் பிரிஞ்சதோ?" நர்ஸ் மிஸ்ஸி வந்து கேட்டார். தரை துடைக்கிறவளும் கேட்டாள். பக்கத்துக் கட்டிலில் பூனாகலைத் தோட்டத்து இராக்கம்மா, கால் முறிந்து படுத்திருந்தாள்.

"ஏங்கம்மா, காத்து வந்துச்சுங்களா?"

"வந்தா ஒனக்குத்தான் மொதல்ல செல்வேன்."

"நீங்க சொல்ல வேணாங்க. பக்கத்துக் கட்டிலுதானே, எனக்கே தெரிஞ்சிரும்."

வரவில்லை. மறுநாள் ராத்தா பேச்சைக் குறைத்துவிட்டார். அதுதான் எங்களைப் பயமுறுத்தியது. முகம் வாடி, நாக்கு உலர்ந்துவிட்டது. குழாயில் வந்தது நாறத் தொடங்கியது. இன்னும் பொறுப்பதா, மறுபடி வயிற்றைத் திறப்பதா என்று டொக்டருக்கே யோசனை. ஒட்டிய குடல் தானாக விட்டுவிடுமானால், இவ்வளவு பலவீனமான உடம்பை வீணாக வெட்டியதாகிவிடும். விடாவிட்டால், பொறுத்திருந்தால் உயிர் போய்விடும். மொஹிதீன் நானா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு யாஸீன் ஓதிக்கொண்டிருந்தார்.

நோயாளிகளைப் பார்க்கும் நேரத்தில் பலீலா வந்தாள்; கஞ்சிக் கதை அவள் காதுக்கும் எட்டியிருந்தது. இரண்டு கையையும் முக்காட்டுக்குள் மறைத்திருந்தாள். வாட்டுக்கு வெளியே நடைவழி ஓடையில் ஹாஜியம்மாவும் வேறு பெண்களும் நின்றார்கள். அவளைக் கண்டதும் வழிவிட்டு ஒதுங்கினார்கள், மரியாதைக்காக அல்ல.

ராத்தா கண்ணைத் திறந்து, "நீ என்னத்துக்கு வந்த? போ புள்ள, போ" என்றார்.

பலீலா போகவில்லை. டொக்டர் வரும்வரை சுவரோரமாக நின்றாள். அவர் வந்ததும், "டொக்டர் ஐயா, ராத்தா என்னோடதான் சாப்பிட்டாங்க" என்றாள். "கல்யாண வீட்டுல. கஞ்சியில்ல."

"அவளுக்கு வெளங்காது டொக்டர்…"

"எனக்கு வெளங்கும் ராத்தா. நான் பக்கத்துலதானே இரிந்தேன். இறைச்சி திங்கல்ல டொக்டர். ஒரு தட்டுத் தோடம்பழம். எல்லாம் முழுசு முழுசா முழுங்கினாங்க."

"சப்பாமலோ?" டொக்டர் திரும்பினார். "இவவுக்குப் பல்லிருக்கே?"

பலீலா ஒரு கணம் ராத்தாவைப் பார்த்தாள். அவளுடைய கண்ணில் தண்ணீர். "பல்லக் கழட்டச் செல்லுங்க டொக்டர்."

ராத்தா கண்ணை மூடினார். மெல்லக் கையை வாய்க்குக் கொண்டுபோய், இரண்டு வரிசையையும் கழற்றி, மிஸ்ஸியின் தட்டில் வைத்தார். 'டங்' என்றது. டொக்டர் சிரிக்கவில்லை. இராக்கம்மா மட்டும், "ஆத்தாடி, அத்தனையுமா!" என்றாள்.

டொக்டர் கட்டிலோரமாக உட்கார்ந்தே விட்டார். எங்களுக்கு விளங்கும்படி சொன்னார். தோடஞ்சுளையைச் சுற்றி இருக்கும் வெள்ளைத் தோல் லேசில் கரையாது. பல் அரைக்கவில்லை. இரைப்பையில் பாதி இல்லாததால் அதுவும் அரைக்கவில்லை. முழுச் சுளைகளாகவே சிறுகுடலுக்குள் இறங்கி, ஒன்றோடொன்று ஒட்டி, ஊறி, குடல் ஒடுங்கும் இடத்தில் போத்தலுக்கு மூடி போட்ட மாதிரி இறுகிவிட்டது. "இது தானா விடாது. இனிப் பொறுக்கேலாது. உடனை தியேட்டருக்குக் கொண்டுபோக வேணும்."

மொஹிதீன் நானா தலையாட்டினார். எல்லோரும் பரபரத்தபோது பலீலா மெதுவாகக் கேட்டாள்: "அப்ப, என்ட கையால இல்லையா டொக்டர்?"

"என்ன கையாலை?"

அவள் முக்காட்டுக்குள்ளிருந்து கைகளை எடுத்து நீட்டினாள். டொக்டர் அந்தக் கைகளைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது கரப்பான். சவர்க்காரத்தாலை வாறது. கிளினிக்குக்கு வாங்கோ, பூசுறதுக்குத் தாறன்." பிறகு ஓடையில் நின்ற கூட்டம் கண்ணில் பட்டிருக்க வேண்டும், குரலை உயர்த்தினார். "இந்தக் கைக்கும் அந்தக் குடலுக்கும் ஒரு சம்பந்தமுமில்லை. அடைச்சது தோடம்பழம்!"

ஓடையில் எல்லோருடைய பார்வையும் ஹாஜியம்மா பக்கம் திரும்பியது. எங்கட தோட்டத்துப் பழம் அல்லவா! அவருக்கு முகம் சுண்டிவிட்டது. அந்த நேரம் தள்ளுவண்டியில் அவரைத் தாண்டிப் போன ராத்தா, பல்லில்லாத வாயால், பாதி காற்றும் பாதிப் பேச்சுமாகச் சொன்னார்: "பழத்துல ஒரு பிழையுமில்ல ஹாஜியம்மா. தேன் மாதிரி இரிந்திச்சி. முழுங்கினவள்லதான் பிழை."

அல்லாஹ்வின் கிருபை, குடலை வெட்டவே தேவைப்படவில்லை. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் கைமுஷ்டி அளவு கட்டி நின்றதாம். டொக்டர் வெளியிலிருந்தே விரலால் அமுக்கி உடைத்து, மெல்ல மெல்லப் பெருங்குடலுக்குள் தள்ளிவிட்டார். "இனி அது தன்ரை வழியிலை போகும்" என்று மொஹிதீன் நானாவிடம் சொன்னார்.

அதன் பிறகும் பழைய கேள்விதான். ஒருநாள் காலையில் நான் வாட்டுக்குள் கால் வைக்கும்போதே இராக்கம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "வந்துருச்சுங்க! நான் சொன்னேன்ல, எனக்கே தெரியும்னு!" என்று கூவினாள். மிஸ்ஸி சிரித்தார். ராத்தா வெட்கத்தில் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, உள்ளிருந்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். வாயிலில் இதைக் கேட்ட மொஹிதீன் நானா நேரே பள்ளிவாசலுக்குப் போய் நன்றிக்கான ஷுக்ருத் தொழுகை தொழுதார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு லெப்பை, "என்ன நானா, பேரப்புள்ளையா?" என்று கேட்டாராம். "இல்ல லெப்பை" என்றாராம் நானா. "காத்து."

வீடு திரும்பி உடம்பு தேறியதும் ஒரு யாஸீன் ஓதிச் சாப்பாடு கொடுத்தார்கள். ராத்தாவுக்கு இன்னும் குழைந்த கஞ்சிதான். கதவு நிலையில் சாய்ந்து நின்றபடியே எல்லோரையும் உட்காரவைத்தார். பலீலா உட்கார்ந்த சஹனில் என்னோடு நான்கு பேர் உட்கார்ந்துவிட்டோம். பலீலாவுக்குப் பக்கத்து இடம் ஒன்று மட்டும் மிச்சம்.

"ஹாஜியம்மா, இங்க ஒரு எடம் இரிக்கி" என்றார் ராத்தா.

உம்மு குல்தூம் ஹாஜியம்மா நின்றார். எல்லோரும் சோற்றைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தோம். யாருடைய பிள்ளையும் அழவில்லை. அவர் சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தார், பிஸ்மி சொன்னார், முதலில் ஒரு கோழித் துண்டை எடுத்துப் பலீலா பக்கம் நகர்த்தினார். "தின்னு புள்ள" என்றார். அவ்வளவுதான். அடுத்த வாரம் பலீலா ஹாஜியார் வீட்டில் மாவிடித்தாள்.

அவளுடைய கை முழுதாக ஆறவில்லை. டொக்டர் கொடுத்த பூசுமருந்தில் வெடிப்பு மூடும், மழைக்காலத்தில் திரும்ப வரும். ராத்தாவும் பொய்ப்பல்லைப் பல் டொக்டரிடம் ஈறுக்கு ஏற்றபடி தேய்த்துச் சரிசெய்து வாங்கி, சஹனில் அதைப் போட்டுக்கொண்டே சாப்பிடப் பழகினார். தோடம்பழத்தைச் சாறு உறிஞ்சிச் சக்கையைத் துப்பிவிடுவார். யாராவது பார்த்துச் சிரித்தால், "டொக்டர் செல்லீக்கி" என்பார், ஏதோ பட்டம் வாங்கியவர் மாதிரி.

எண்பதுகளில் மொஹிதீன் நானா மவுத்தான பிறகு, மகள் ஹம்ஸியா ராத்தாவைப் பண்டாரவளைக்குத் தன்னோடு கூட்டிப்போனாள். வழியனுப்ப நான் ஸ்டேஷனுக்குப் போனேன். கல்யாணம் சொல்வதும் சஹன் இருத்துவதும் அப்போது என் தலையில் விழுந்திருந்தது. பலீலாவுக்கு அன்று ஒரு பெருநாள் மா இடிப்பு, வர முடியவில்லை. ரயில் புறப்படும்வரை ராத்தா எந்த வீட்டில் எப்படிச் சொல்வது, யாரை யாரோடு இருத்தக் கூடாது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மறு வருடமே அவரும் மவுத்தாகிவிட்டார். அல்லாஹ் அவருடைய கப்றை விசாலமாக்கட்டும். அன்று பார்த்ததுதான் கடைசி.

ரயில் அசைந்தபோது ஜன்னலால் தலையை நீட்டி, பல்லை ஒருமுறை அமுக்கிச் சரிசெய்துகொண்டு சொன்னார்:

"ஜெனீரா, பலீலா திண்டு முடிக்கிற மட்டும் நீ கைய எடுத்திராத. பசியில்லாட்டி மெத்தெண்ட வட்டிலப்பத்தக் கொஞ்சம் கொஞ்சமாத் தின்னு. தோடம்பழம் வேணாம்!"